செயலாளருக்கு நான் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு

எங்கள் சபையில் யார் இறந்தாலும் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது நான்தான். பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். கையெழுத்து அச்சுப்போல இருக்கும். எழுதியதைத் தொண்டை அடைக்காமல் வாசிக்கவும் வரும். அதனால் அடக்க ஆராதனைக்கு முன்னால் இறந்தவரின் குடும்பத்தில் யாராவது என்னைத் தேடி வருவார்கள். பிறந்த ஊர், ஞானஸ்நானம், கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று அவர்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வேன். கடைசியில் நற்குணங்கள் என்று ஒரு பத்தி வர வேண்டும். அது இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு கிறிஸ்தவரைப் புதைக்க முடியாது.

அந்தப் பத்தியில்தான் என் சாமர்த்தியம் எல்லாம். பெண்டாட்டியை அடித்தவரைக் கண்டிப்பானவர் என்று எழுதியிருக்கிறேன். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவரை எளிமையாக வாழ்ந்தவர் என்று எழுதியிருக்கிறேன். ஊர் வம்பை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு அம்மாவுக்கு, எல்லோரையும் வீடு தேடிச் சென்று நலம் விசாரிப்பவர் என்று போட்டேன். சபையார் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். எனக்கு ஒரு நாளும் மனசாட்சி உறுத்தியதில்லை. செத்தவர்களோடு எனக்கென்ன வழக்கு?

ஒரே ஒருவரோடுதான் வழக்கு இருந்தது. அவர் எங்கள் சபையின் செயலாளர். ஆறு வருடமாக அவருடைய வாழ்க்கைக் குறிப்பை மனதுக்குள் எழுதி, அடித்து, திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். விடைத்தாள் திருத்தும்போது எழுதுவேன், பேருந்துக்கு நிற்கும்போது எழுதுவேன். அவர் சாக வேண்டும் என்று நான் ஜெபித்ததில்லை. அவருக்கு முன்னால் நான் செத்துவிடக் கூடாது என்று ஜெபித்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் அம்மா குமாரபாளையத்துக்காரி, தறிக்காரக் குடும்பம். நான் ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டு, திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவே இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்துவிட்டேன். அப்பா போன பிறகு அம்மா என்னோடு வந்து ஏழு வருடம் இருந்தாள். ஒரு ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருவாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, எழுத்துத் தெரியாததால் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எங்களைவிட ஒரு சொல் பின்னால் வந்து பாடுவாள். ஞானஸ்நானம் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. விசைத்தறி வைத்திருக்கும் என் அண்ணனை நினைத்துத் தயங்கினாள். "உங்கண்ணன் மனசு சங்கடப்படும் சாமி, இருக்கட்டும்" என்பாள்.

கடைசி நாளில் அந்தத் தயக்கம் போய்விட்டது. ஒரு புதன்கிழமை முற்பகல். என் கணவர் ரிக் வண்டியோடு வடக்கே சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். ஆயர் ஏதோ கூட்டம் என்று சேலம் போயிருந்தார். நோயாளியைப் பார்க்க ரசத்தோடு வந்திருந்த செயலாளரம்மா, அதாவது செயலாளரின் மனைவி, கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இப்பத் தண்ணி தெளிச்சு உட்டுரு சாமி. இனி உங்கண்ணன் கோவிச்சுக்கிட்டா எனக்கென்ன."

எங்கள் சபையில் அதற்கு வழி உண்டு. சாகும் தறுவாயில் இருப்பவர் கேட்டு, ஆயர் பக்கத்தில் இல்லையென்றால், சபையில் உள்ள யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். இன்னொரு சபையார் சாட்சியாக இருக்க வேண்டும். பிறகு ஆயர் ஏட்டில் பெயர் எழுதிச் சாட்சியிடம் கையெழுத்து வாங்குவார். நான் எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். செயலாளரம்மா அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் மூன்று முறை அள்ளி அம்மாவின் நெற்றியில் விட்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்று சொன்னேன். ஆமென் சொன்னது செயலாளரம்மாதான். அம்மா ஈர முகத்தோடு சிரித்து, குளுகுளுன்னு இருக்குது என்றாள். மூன்று மணிக்கு உயிர் போய்விட்டது.

ஐந்து மணிக்கு நானும் அண்ணனும் சபையார் நாலைந்து பேரும் செயலாளர் வீட்டு வாசலில் நின்றோம். கல்லறைத் தோட்டத்துச் சாவி அவரிடம்தான் இருக்கும். குழி தோண்டும் ஆளையும் அவர்தான் அனுப்ப வேண்டும். அவர் வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், நிலைப்படியில், செயலாளரம்மா வந்து நின்றார். காலையில் என் வீட்டில் கட்டியிருந்த அதே புடவை.

"ஏட்டுல பேரு இல்லீங்களே டீச்சர்" என்றார் செயலாளர்.

"காலைல ஞானஸ்நானம் குடுத்தேனுங்க. அம்மாவே கேட்டாங்க."

"சாட்சி யாருங்க?"

நான் செயலாளரம்மாவைப் பார்த்தேன். அவர் முந்தானையை இழுத்துத் தோளில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"சாட்சி யாருன்னு கேட்டனுங்க டீச்சர்."

இதோ, உங்கள் பின்னால் நிற்கிறார், அவர்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனை தடவை என்னையே கேட்டிருப்பேன். அந்த அம்மா புருஷன் முன்னால் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. நான் சொல்லி, அவர் பயத்தில் இல்லை என்றுவிட்டால், என் அம்மாவின் ஞானஸ்நானம் ஊர் முழுக்கப் பொய்யாகிவிடும். அதனால் அவரே சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் சொல்லவில்லை. ஆயருக்குப் போன் போட்டேன். செயலாளர் சொல்வதுபோல் செய்யுங்கள், வந்து பேசிக்கொள்ளலாம் என்றார்.

"சட்டத்த நான் போடலீங்க" என்றார் செயலாளர். குரலைக்கூட உயர்த்தவில்லை. "இன்னைக்கு உங்களுக்காகச் சட்டத்தத் தளர்த்துனா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க."

அண்ணன் என் தோளைத் தொட்டான். "வா போலாம். நம்ம அம்மாளுக்கு ஊர்ல எடம் இருக்குது" என்றான். மறுநாள் காவிரிக்கரையில் எல்லாம் முடிந்தது. அண்ணனை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். அம்மாவை எங்கே கொண்டுபோவது என்று அவனுக்காவது தெரிந்திருந்தது.

சேலத்திலிருந்து வந்த ஆயர், சாட்சி இருந்தால் கூட்டிவாருங்கள், இப்போதும் ஏட்டில் எழுதலாம் என்றார். இருப்பவர் தானாக வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு கையெழுத்துதான். அம்மா கேட்டு வாங்கியது உண்மை என்று ஏட்டில் இருக்க வேண்டும். ஆறு வருடம் அது வரவே இல்லை.

அந்த ஆறு வருடமும் நான் சும்மா இருக்கவில்லை. ஆலயத்தில் செயலாளரம்மாவுக்கு நேர் பின்னால் இடம் பிடித்தேன். என் பார்வை அவர் பிடரியில் படுகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆராதனை நடுவில் ஒருவருக்கொருவர் கை கூப்பிச் சமாதானம் சொல்லும்போது, வலதுபக்கம் சொல்வேன், இடதுபக்கம் சொல்வேன், பின்னால் திரும்பிச் சொல்வேன், முன்னால் மட்டும் சொல்ல மாட்டேன். அவர் திரும்பிக் கை கூப்பினால் குனிந்து பையில் கண்ணாடி தேடுவேன். பெண்கள் கூட்டத்தில் அவர் ஜெபிக்கும்போது எல்லோரும் கண்ணை மூடியிருப்பார்கள், நான் திறந்து வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்ப்பேன். ஒருமுறை நடுவில் கண் திறந்து என்னைப் பார்த்துவிட்டார். ஜெபம் பாதியில் நின்றது. அன்று நான் சாப்பிட்ட சாப்பாடு ருசியாக இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ருசியாகத்தான் இருந்தது.

செயலாளர் மேல் வேறு விதமான கோபம். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். வருடா வருடம் தானே ஏணி போட்டு ஏறி ஆலயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார். மழை பெய்தாலும் முதல் மணிக்கு முன்னால் வந்து கதவைத் திறப்பார். பெண்கள் ஞாயிறு அன்று ஒரு தடவை அவரே பிரசங்கம் செய்தார். நற்குணமுள்ள பெண் யார் என்று கேட்டு, நாவை அடக்குகிறவள், புருஷன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாதவள், வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்லாதவள் என்று விரல் மடக்கினார். பெண்கள் எல்லோரும் செயலாளரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரைத்தான் எங்கள் ஊரில் உதாரணமாகச் சொல்வார்கள். கல்யாணம் ஆகிப் போகும் பெண்களிடம், செயலாளரம்மா மாதிரி இரு என்பார்கள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆண்டவர் பேசாமல் நின்றது தன்மேல் பழி வந்தபோதுதான். அடுத்தவருக்கு அநியாயம் நடந்த இடத்தில் அவர் பேசாமல் இருந்ததாக நான் படித்ததில்லை. ஓய்வுநாளில் நோயாளியைத் தொடாதே என்று சட்டம் பேசியவர்களின் முகத்துக்கு நேரே பேசினவர் அவர். கிறிஸ்தவ நற்குணம் என்றால் அதுதான் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. செயலாளருடைய வாழ்க்கைக் குறிப்பில் சொல்லிக்கொள்கிறேன் என்று வைத்துக்கொண்டேன்.

போன வருடம் பங்குனியில் ஒரு நாள் விடிகாலை செயலாளர் தூக்கத்திலேயே போய்விட்டார். ஏழு மணிக்கு அவர் மகன் போன் செய்தான். "அம்மா உங்களத்தான் எழுதச் சொல்றாங்க டீச்சர். நாலு மணிக்கு ஆராதனைங்க." நான் சரி என்றேன். போனை வைத்துவிட்டு, குளித்து, நல்ல புடவை கட்டி, மேஜையில் போய் உட்கார்ந்தேன். ஆறு வருடம் பாடம் செய்து வைத்திருந்ததல்லவா, ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன்.

பொய் ஒன்றுகூட எழுதவில்லை. சுண்ணாம்பு அடித்ததை எழுதினேன், கதவு திறந்ததை எழுதினேன். நற்குணங்கள் பத்திக்கு முன்னால், சபைப் பணிகள் வரிசையில், இதையும் எழுதினேன்: "ஞானஸ்நானம் பெற்று மரித்த ஒரு வயதான தாய்க்கு, சாட்சி இல்லை என்று சொல்லிக் கல்லறைத் தோட்டத்தின் சாவியைத் தர மறுத்தார். சாட்சி அவர் வீட்டிலேயே இருந்தார்." எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சரியாக இருந்தது.

இன்னொரு தாளும் எடுத்தேன். இன்னாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டபோது நான் உடனிருந்தேன் என்று இரண்டு வரி எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டேன். வாழ்க்கைக் குறிப்பைக் குடும்பத்தார் முன்கூட்டியே பார்த்துச் சரி சொல்வது வழக்கம். அப்போது அந்த வரியைக் காட்டி, கையெழுத்துப் போட்டால் எடுத்துவிடுகிறேன் என்று பேரம் பேசப் போகிறேன். புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பேசும் பேச்சா இது என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. என் அம்மா பிணமாகக் கிடந்தபோது அவர் எனக்குச் செய்தது மட்டும் என்ன என்று அதன் வாயை அடைத்தேன்.

பதினோரு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். செயலாளரம்மா எழுந்து, என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். முக்காலியில் உட்கார்ந்து, தாளில் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். அந்த வரியில் விரல் நின்றது. நகர்ந்தது. மறுபடி அதே வரிக்கு வந்தது.

நான் இரண்டாவது தாளை நீட்டினேன். "இதுல கையெழுத்துப் போடுங்க. அந்த வரிய எடுத்துடறேன்."

"எங்கீங்க போடோணும்?" என்றார்.

காட்டினேன். பேனா கேட்டார். கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு வருடம் நான் காத்திருந்த கையெழுத்து, நாலெழுத்து, கொஞ்சம் கோணலாக இருந்தது. அந்தத் தாளை மறுவாரம் ஆயரிடம் கொடுத்து அம்மாவின் பெயரை ஏட்டில் ஏற்றிவிட்டேன். ஆனால் அந்தச் சமையல்கட்டில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏமாற்றமாக இருந்தது. அவர் அழுவார், கெஞ்சுவார், நான் கொஞ்ச நேரம் பிடிவாதமாக நிற்பேன் என்றெல்லாம் நினைத்து வந்திருந்தேன்.

"ஆறு வருசத்துல ஒருக்கா கேட்டிருந்தீங்கன்னாப் போட்டிருப்பனுங்க டீச்சர்" என்றார். "பாத்துக்கிட்டே இருந்தீங்க. கேக்கவே இல்ல."

"நீங்களா வந்து சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருக்கோணும்" என்றார். பிறகு வாழ்க்கைக் குறிப்பை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அந்த வரிய எடுக்க வேண்டாமுங்க. வாசிங்க."

எனக்குப் புரியவில்லை. "அத்தன பேரு முன்னாலயுங்களா?"

"அத்தன பேரு முன்னாலதான வாசிக்கோணும். அன்னைக்கும் வாசல்ல நாலு பேரு இருந்தாங்கல்ல. நான் சொல்லாதத நீங்களாச்சும் சொல்லுங்க. அவரு நல்லவருங்க டீச்சர், ஆனா இதையும் செஞ்சாரு. நானும் செஞ்சேன்."

அவர் கதவைத் திறந்துகொண்டு பிணத்தின் தலைமாட்டுக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். மன்னித்தேனா என்றால், இல்லை. பேரத்தில் என்னை ஜெயித்துவிட்டாரே என்று இன்னும் எரிச்சல்தான் வந்தது. சரி, வாசிக்கச் சொன்னீர்கள் அல்லவா, ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறேன் என்று கறுவிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

நாலு மணிக்கு ஆலயம் நிரம்பி வழிந்தது. மல்லசமுத்திரத்திலிருந்தும் ஜேடர்பாளையத்திலிருந்தும் அவர் சொந்தக்காரர்கள் வேன் வைத்து வந்திருந்தார்கள். பெட்டி பீடத்துக்கு முன்னால் இருந்தது. அதே வெள்ளைச் சட்டை. பாட்டு முடிந்து, ஆயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் போய் மைக்கைச் சரிசெய்து வாசிக்க ஆரம்பித்தேன். பிறப்பு, படிப்பு, கல்யாணம். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. சுண்ணாம்பு அடித்ததைச் சொன்னபோது பின்னால் யாரோ விம்மினார்கள். கதவு திறந்ததைச் சொன்னேன். அடுத்தது அந்த வரி.

தலையை நிமிர்த்தினேன். முன்வரிசையில், அன்றைக்கு அந்த வாசலில் எங்களோடு நின்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளியில் என் தலைமையாசிரியராக இருந்தவர் இருந்தார். என்னிடம் படித்தவர்கள், அவர்கள் பெற்றோர்கள், எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சொன்னால் நாளை முதல் இவர்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செயலாளரம்மா பெட்டிக்குப் பக்கத்திலிருந்து முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

என் கண் அந்த வரியைத் தாண்டிக் கீழே போய்விட்டது. "அன்னார் கண்டிப்பும் நேர்மையும் கடவுள் பக்தியும் நிறைந்தவர்" என்று வாசித்தேன். சபை ஆமென் சொன்னது.

இரக்கப்பட்டு அந்த வரியை விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்துபோய் விட்டேன். ஆனால் கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கும்போது என்னைச் சுற்றி ஒரே புகழ்ச்சி. "உங்கம்மாளுக்கு அவரு பண்ணுனதுக்கு வேற யாரா இருந்தாலும் இன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருப்பாங்க. பெரிய மனசுங்க டீச்சர் உங்களுக்கு" என்றார் அன்றைக்கு வாசலில் வாய் மூடி நின்ற ஒருவர். ஆயர் என் பக்கத்தில் வந்து, இதுதாம்மா கிறிஸ்தவ நற்குணம் என்று மெதுவாகச் சொன்னார். நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன், அதற்கும் இரண்டு பேர் ஆகா என்றார்கள்.

குழிக்குள் பெட்டியை இறக்கினார்கள். மண் போடுவதற்காக வரிசையாக வந்தார்கள். என் முறை வந்தபோது செயலாளரம்மா எனக்கு நேர் எதிரே நின்றார். நான் குனிந்து மண்ணை அள்ளினேன். அவர் குழியைச் சுற்றி என் பக்கம் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், வாசிக்கல?"

பழி வாங்குவதற்கு ஆறு வருடம் சொல் தேடி வைத்திருந்தவளுக்கு அப்போது ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. "வாய் வரலைங்க" என்றேன்.

அவர் என் கையிலிருந்த மண்ணைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். கோபமோ கேலியோ இல்லை.

"எனக்கும் அன்னைக்கு அப்படித்தானுங்க இருந்துச்சு" என்றார்.